முதல் தோசை யாருக்கு?

நம் ஊரில் ஒரு பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியூர் கிளம்ப வேண்டுமென்றால் காரணம் வேண்டும். கோயில், கல்யாணம், சாவு, பிரசவம், ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் காலேஜ் அட்மிஷன். இந்த ஆறில் ஏதாவது ஒன்று. இது எதுவும் இல்லாமல், ‘சும்மா நாலு இடத்தில் நல்லா சாப்பிட்டு வரலாம்னு போறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்.

ஆண்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. நாலு நண்பர்கள் சேர்ந்து விடியற்காலையில் காரை எடுத்துக்கொண்டு ஆம்பூருக்குப் போய் பிரியாணி சாப்பிட்டுத் திரும்புவார்கள். குற்றாலத்துக்குப் போனால் அருவியில் குளிப்பது கால் மணி நேரம், செங்கோட்டைப் பக்கம் புரோட்டாவும் கோழியும் சாப்பிடுவது ரெண்டு மணி நேரம். ஊர் திரும்பி அதை ஒரு மாதம் கதையாகச் சொல்வார்கள். நாமும் கேட்போம். ‘மனுஷன் ரசனைக்காரர்யா’ என்போம்.

அதே வேலையை ஒரு பெண் செய்தால் அவளுக்கு ரசனை இல்லை, நாக்கு நீளம். ‘வாய்க்கு ருசியா தின்னுட்டுத் திரியறா’ என்பதற்கு ஆண்பால் வடிவம் தமிழில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

சென்ற மாதம் நானும் என் அக்காவும் மூன்று நாள் மதுரைக்குப் போனோம். சாப்பிடுவதற்காக. அதற்காக மட்டும்.

அக்காவுக்கு 61 வயது. திருச்சியில் குடும்பம். நான் சென்னையில் வைகை எக்ஸ்பிரஸ் ஏறினேன். அவள் திருச்சியில் ஏறிக்கொண்டாள். கிளம்புவதற்கு முன் எனக்கு வந்த கேள்விகள் இவை: ‘மீனாட்சியைப் பார்க்கவா?’, ‘அழகர்கோயிலில் வேண்டுதலா?’, ‘யாருக்கு உடம்பு சரியில்லை?’ ‘இல்லை, இட்லி சாப்பிட’ என்று பதில் சொன்னேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்கள். ஒரு உறவினர் மட்டும் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, ‘அக்கா வீட்டுல ஏதாவது பிரச்னையா?’ என்றார்.

பார்த்தீர்களா? இரண்டு சகோதரிகள் சேர்ந்து சந்தோஷமாகச் சாப்பிடப் போகிறார்கள் என்பதை நம்புவதைவிட, வீட்டில் சண்டை என்று நம்புவது இவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது.

அக்கா அந்த மூன்று நாள் லீவுக்காக இரண்டு நாள் ஓவர்டைம் பார்த்திருந்தாள். தோசை மாவு அரைத்து வைத்து, புளிக்காய்ச்சல் கிண்டி வைத்து, ரசத்துக்குப் புளி கரைத்து வைத்து, ஒவ்வொரு டப்பாவின் மேலும் ‘திங்கள் காலை’, ‘திங்கள் ராத்திரி’ என்று சீட்டு ஒட்டி வைத்துவிட்டு வந்திருந்தாள். அப்படியும் முதல் நாள் மட்டும் ஏழு போன். உப்பு எந்த டப்பாவில்? பெருங்காயம் கட்டியா, தூளா? குக்கருக்கு எத்தனை விசில்? அந்தச் சமையலறை அந்த வீட்டில் 36 வருடமாக ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அத்தான் நல்லவர். அக்காவைக் கடிந்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. ஆனால், அந்த வீட்டின் உப்பு டப்பா இருக்கும் இடம் அவருக்குத் தெரியவில்லை. கெட்டவர்களைப் பற்றி எழுதுவது சுலபம். நான் எழுத வந்தது நல்லவர்களைப் பற்றி.

*

முதல் நாள் காலையில் ஒரு கடையில் தோசை சொன்னோம். சூடாக, நெய் மணக்க, ஓரமெல்லாம் முறுகலாக ஒன்று வந்தது. அக்கா அந்தத் தட்டை அனிச்சையாக என் பக்கம் நகர்த்தினாள். ‘நீ சாப்பிடுடி, எனக்கு அடுத்தது வரட்டும்’ என்றாள். நான் திருப்பி நகர்த்தினேன். அடுத்தது வந்தது. அதையும் என் பக்கம் தள்ளினாள்! அவளுக்கே தெரியவில்லை. கை தானாகப் போகிறது.

சமைக்கிற பெண்களுக்கு இது புரியும். வீட்டில் சமைப்பவளின் பங்கு இரண்டு தோசைகள். கல்லில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்த முதல் தோசை. பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் மாவை வழித்து ஊற்றிய கடைசி தோசை. நடுவில் வருகிற நல்ல தோசைகள் எல்லாம் மற்றவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ கறி எடுத்தால், சமைத்தவள் தட்டுக்கு வருவது குழம்பும் ரெண்டு எலும்பும். யாரும் அவளை மிரட்டிச் செய்ய வைப்பதில்லை. அவளாகத்தான் செய்கிறாள். அவள் அம்மா செய்தாள், அவளும் செய்கிறாள். ‘அவங்களாத்தான் செய்யறாங்க, நாங்க என்ன பண்றது’ என்று நாம் சௌகரியமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு மூன்று வேளை, வருடத்துக்கு 1,095 வேளை. 36 வருடத்துக்கு 39,420. இதில் பிரசவம், காய்ச்சல், கல்யாணவீடு எல்லாம் கழித்தால்கூட முப்பதாயிரத்துக்குக் குறையாது. இத்தனை வேளையில் எத்தனை முறை அவள் உட்கார்ந்து, இன்னொருவர் சுட்டுப் போட, சூடாகச் சாப்பிட்டிருப்பாள்?

இதைவிட எனக்கு உறைத்த விஷயம் வேறு. ‘என்னக்கா சாப்பிடறே?’ என்று கேட்கும்போதெல்லாம் அவள் சொன்ன பதில், ‘எதுவானாலும் சரி.’ முதல் நாள் முழுக்க அதுதான். அது அடக்கமல்ல, பெருந்தன்மையும் அல்ல. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. வீட்டில் யாருக்குக் காரம் ஆகாது, யாருக்குக் கத்தரிக்காய் பிடிக்காது, பேரனுக்கு இட்லியில் சர்க்கரையா பொடியா என்று விரல்நுனியில் வைத்திருப்பவளுக்குத் தனக்கு என்ன பிடிக்கும் என்பது மறந்துபோயிருந்தது.

இரண்டாம் நாள் மாலைதான் வாயைத் திறந்து, ‘எனக்கு இன்னொரு டம்ளர் பருத்திப்பால் வேணும்’ என்றாள். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சுவது. மதுரைத் தெருமுனைகளில் தள்ளுவண்டியில் விற்கிறார்கள். மலிவான சமாசாரம். ஒரு டம்ளர் பருத்திப்பால் ‘எனக்கு வேணும்’ என்று சொல்ல ஒரு மனுஷிக்கு ஒன்றரை நாள் ஆகிறது என்றால், நாம் கொண்டாடும் குடும்பத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தமில்லையா?

*

நம் இலக்கியத்தையும் புராணத்தையும் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள்.

மதுரைக்கு வந்த பெண்களில் தமிழர்களுக்கு மறக்க முடியாதவள் கண்ணகி. ஊரை எரித்தாள் என்பதுதான் நமக்கு ஞாபகம். அதற்கு முன்னால் அவள் அந்த ஊரில் செய்தது என்ன? சமையல். ஊருக்கு வெளியே ஆயர் சேரியில், மாதரி வீட்டில், காய் அரிந்து சமைத்து, வாழையிலையில் கோவலனுக்குப் பரிமாறி, வெற்றிலைபாக்கும் கொடுக்கிறாள். அவன் சாப்பிட்டுவிட்டுச் சிலம்பை எடுத்துக்கொண்டு போகிறான். அவள் எப்போது சாப்பிட்டாள், என்ன சாப்பிட்டாள் என்று இளங்கோவடிகள் சொல்லவில்லை. நாமும் இத்தனை நூற்றாண்டாகக் கேட்கவில்லை.

பாண்டவர்கள் காட்டிலிருந்தபோது சூரியன் கொடுத்த அட்சய பாத்திரம் தெரியுமல்லவா? அள்ள அள்ளக் குறையாதது. ஆனால், அதற்கும் ஒரு கண்டிஷன் உண்டு. திரௌபதி சாப்பிட்டு முடித்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். ஆகவே எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் அவள் சாப்பிட வேண்டும். தெய்வமே கொடுத்த பாத்திரம்கூட, பெண் கடைசியில்தான் சாப்பிடுவாள் என்ற ஏற்பாட்டின் மேல்தான் ஓடுகிறது. மணிமேகலை கையில் அமுதசுரபி. அதுவும் ஊருக்குப் போடத்தான். பெண் கையில் பாத்திரம் கொடுப்பதெல்லாம் பரிமாறுவதற்கு.

சரி, சமையலுக்கான பெருமையாவது அவளுக்கா? அதுவும் இல்லை. உசத்தியான சமையலுக்குத் தமிழில் என்ன பெயர்? நளபாகம், பீமபாகம். இரண்டு பேரும் ஆண்கள். தமயந்தி பாகம், திரௌபதி பாகம் என்று யாரும் சொல்வதில்லை. இன்றைக்கும் அப்படித்தான். சம்பளமும் பெயரும் கிடைக்கும் இடத்தில் கரண்டி பிடிப்பவர் ‘மாஸ்டர்’. எதுவும் கிடைக்காத இடத்தில் கரண்டி பிடிப்பவள் ‘அம்மா’. அவளுக்குக் கொடுக்க நாம் ‘கைமணம்’ என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம். ‘எங்கம்மா கைமணம் வேற எங்கேயும் வராது’ என்று சொல்லும்போது கண் கலங்குகிறவர்கள், அந்தக் கைக்கு ஒரு நாள் லீவு கொடுக்க யோசித்தார்களா?

*

இதெல்லாம் உணர்ச்சிவசப்பட்ட பேச்சு என்று நினைப்பவர்களுக்கு அரசாங்கக் கணக்கு.

மத்தியப் புள்ளியியல் துறை 2019இல் ‘நேரத்தை எப்படிச் செலவிடுகிறீர்கள்’ என்று நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதில் செலவிடுவது ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். ஈடுபடுபவர்கள் எத்தனை பேர்? பெண்களில் நூற்றுக்கு 81 பேர். ஆண்களில் 26 பேர்.

இன்னொன்று. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவிகிதம். இட்லி சாம்பாரும் சத்துணவும் கொடிகட்டிப் பறக்கும் தமிழ்நாட்டிலேயே பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தம் குறைவு. மாதவிலக்கு, பிரசவம் என்று உடல் சார்ந்த காரணங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், அதனாலேயே அவளுக்குத்தான் கீரையும் முட்டையும் ஈரலும் முதலில் போயிருக்க வேண்டும். போகிறதா? எந்த வீட்டில்?

*

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். எனக்கு வரப்போகும் கடிதங்களை இப்போதே படித்துவிட முடிகிறது.

‘நாங்களும்தான் மாதம் ஒரு தடவை குடும்பத்தோடு ஓட்டலுக்குக் கூட்டிக்கிட்டுப் போறோமே?’

போகிறீர்கள். அடுத்த முறை போகும்போது கொஞ்சம் கவனியுங்கள். மெனு கார்டு யார் கைக்கு வருகிறது? மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு கையால் ஊட்டிக்கொண்டு, குழந்தை மிச்சம் வைத்ததைச் சாப்பிட்டு முடிப்பது யார்? ‘இந்தப் பனீர் பட்டர் மசாலாவை வீட்டுலயே இதைவிட நல்லா பண்ணலாம்’ என்று கடைசியில் நீங்கள் சொல்வது, அவளுக்குப் பாராட்டா, நாளைக்கான ஆர்டரா?

‘வெட்டிச் செலவு. அதே இட்லியை வீட்டில் பத்தில் ஒரு பங்கு செலவில் பண்ணலாம்.’

பண்ணலாம். ஏன் அது மலிவு என்று யோசித்தீர்களா? அரைத்தவளுக்கும் அவித்தவளுக்கும் சம்பளம் கிடையாது. கூலி போடாத கணக்கில் எல்லாமே மலிவுதான்.

‘ஓட்டல் சாப்பாடு உடம்புக்கு ஆகாது.’

வாஸ்தவம். தினமும் சாப்பிட்டால் ஆகாது. நாங்கள் போனது வருடத்துக்கு மூன்று நாள். அந்த அக்கறை, ராத்திரி பத்து மணிக்கு புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு வரும் உங்கள் நண்பர்களிடமும் காட்டப்பட வேண்டும்.

‘காலம் கெட்டுக் கிடக்கு. பாதுகாப்பு வேண்டாமா?’

இதற்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

மதுரையைத் தூங்கா நகரம் என்கிறோம். இன்று நேற்றுப் பேச்சில்லை. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியிலேயே பகல் கடைத்தெருவுக்கு நாளங்காடி, இரவுக் கடைத்தெருவுக்கு அல்லங்காடி என்று தனித்தனியாக வருகிறது. 2019இல், பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு ஆணையே போட்டது. கடை திறக்க அரசாணை போதும். அங்கே இரண்டு பெண்கள் உட்கார்ந்து சாப்பிட எந்த ஆணை வேண்டும்?

ராத்திரி பத்தரை மணிக்குத் தெருவோரத்தில் ஒரு அம்மா இட்லி அவித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு மரப் பெஞ்சு. சுற்றி நின்று சாப்பிட்ட அத்தனை பேரும் ஆண்கள். நாங்கள் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஏழெட்டு ஜோடிக் கண்கள் திரும்பின. யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் அதே இடத்தில் ஒரு பெண் தனியாக அடுப்பை வைத்துக்கொண்டு இட்லி விற்கிறார். அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. யாரும் ‘காலம் கெட்டுக் கிடக்கு’ என்பதில்லை. அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து சாப்பிட்டால் மட்டும் பார்க்கிறார்கள். பரிமாறும் பெண்ணுக்கு எந்த நேரமும் நல்ல நேரம். சாப்பிடும் பெண்ணுக்கு மட்டும்தான் இரவும் பகலும் வேறு வேறு.

அந்த அம்மா எங்களைப் பார்த்து, ‘கூடப் பிறந்தவுகளா?’ என்றார். ஆமாம் என்றோம். ‘சண்டை போடாம சாப்பிடுறீகளே!’ என்று சிரித்துவிட்டு, கேட்காமலேயே இன்னொரு கரண்டி சட்னி ஊற்றினார். ‘நீங்க எப்பம்மா சாப்பிடுவீங்க?’ என்று அக்கா கேட்டாள். ‘யாவாரம் முடிஞ்சு மிச்சம் இருந்தா இதுதான். இல்லாட்டி வீட்டுக்குப் போயி கஞ்சி’ என்றார்.

அக்கா அதற்கப்புறம் வெகுநேரம் பேசவில்லை. அவளுக்கும் அந்த அம்மாவுக்கும் வசதியில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். கடைசியில் சாப்பிடுவதில் வித்தியாசமே இல்லை. பணம் இருக்கிற பெண்கள் ரயிலேறிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதோடு இந்த விவகாரம் முடிந்துவிடாது என்பதையும் எனக்கு அந்தப் பெஞ்சுதான் சொல்லியது.

பாதுகாப்பு என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்தால் ஏழு பேர் முறைப்பார்கள். பத்துப் பெண்கள் உட்கார்ந்தால் யாரும் முறைக்க மாட்டார்கள். இடம் கிடைக்குமா என்றுதான் பார்ப்பார்கள். பெண்களை வீட்டுக்குள் வைத்துப் பூட்டித் தெருவைப் பாதுகாப்பானதாக ஆக்கியதாக எந்த ஊரிலும் சரித்திரம் இல்லை.

அப்புறம் இந்த ‘ஃபேமிலி ரூம்’. ஒரு ஓட்டலில் நுழைந்ததும் ‘சார் வர்றாங்களாம்மா?’ என்றார் சர்வர். எந்த சார் என்று கேட்டேன். பதில் இல்லை. ‘உள்ளே ஃபேமிலி ரூம் இருக்கு, அங்கே உட்காருங்க’ என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் எங்களுக்குக் கல்லைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். மதுரைக்கடைகளின் அழகே அதுதான். வாசலிலேயே கல்லைப் போட்டு, தோசை மேல் முட்டையை ஊற்றி, அதன் மேல் கறியைப் பரப்பித் திருப்பிப் போடுவதைப் பார்த்துக்கொண்டே கறிதோசைக்குக் காத்திருப்பதில் பாதிப் பசி அடங்கும். அதைத் தவறவிட்டு, உள்ளே சுவரைப் பார்த்துக்கொண்டு எதற்குச் சாப்பிட வேண்டும்? பாதுகாப்பு என்ற பெயரில் பெண்ணுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சுவர்தான்.

சுவருக்குப் பதில் ஒரு கதவு கொடுத்தால் உபயோகமாக இருக்கும். கழிப்பறைக் கதவு. எந்த ஊர் சாப்பாட்டுத் தெருவை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது கடை இருக்கும், பெண்கள் போக ஒரு கழிப்பறை இருக்காது. இருந்தால் பூட்டியிருக்கும், சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. அதனால் மூன்று நாளும் தண்ணீரை அளந்து குடித்தோம். ஜிகர்தண்டா இரண்டாவது டம்ளரை மறுத்தது வயிறு நிறைந்ததால் அல்ல.

*

ஏன் அக்காவோடு போக வேண்டும்? புருஷனோடு போகக் கூடாதா, பிள்ளைகளோடு போகக் கூடாதா?

போகலாம். ஆனால் புருஷனோடு போனால் அவள் மனைவி, பிள்ளைகளோடு போனால் அம்மா. இரண்டிலும் டியூட்டி உண்டு. கூடப் பிறந்தவளோடு போனால்தான் அவள் வெறும் அவளாக இருக்கிறாள்.

இதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் இருபது வருடம் ஒரே தட்டில் பிசைந்து சாப்பிட்ட அக்காவும் தங்கையும், கல்யாணத்துக்குப் பிறகு எங்கே சந்திக்கிறார்கள்? விசேஷ வீட்டில். அங்கேயும் எங்கே? சமையலறையில். அண்ணன் தம்பிகள் திண்ணையில் உட்கார்ந்து சொத்துக் கணக்கும் அரசியலும் பேசும்போது, இவர்கள் வெங்காயம் உரித்தபடி பேசுகிறார்கள். அம்மா இருக்கும் வரை அம்மா வீடு என்று ஒன்று இருக்கும். அம்மா போன பிறகு அது அண்ணன் வீடு, அண்ணி வீடு. இரண்டு சகோதரிகளுக்குப் பொதுவாக ஒரு கூரை அதற்கப்புறம் கிடையாது.

நானும் அக்காவும் கணக்குப் பார்த்தோம். 36 வருடத்தில், நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார, மூன்றாவது ஆள் பரிமாறி, முழுச் சாப்பாடு சாப்பிட்டது எத்தனை முறை? ஐந்து விரலுக்கு மேல் போகவில்லை. கல்யாணப் பந்தியில்கூட ஒருத்தி பரிமாறப் போய்விடுவாள், அல்லது குழந்தை அழும்.

அதனால் மதுரையில் பேசினோம். வாய் ஓயாமல். அம்மா வைக்கும் மீன்குழம்பில் மாங்காய் உண்டா இல்லையா என்று அயிரைமீன் குழம்பைச் சாப்பிட்டபடியே முக்கால் மணி நேரம் வாதாடினோம். தீர்ப்புச் சொல்ல அம்மா இல்லை. உலகத்தில் அந்தக் குழம்பின் ருசி தெரிந்தவர்கள் இப்போது நாங்கள் இரண்டு பேர் மட்டும். அதை யாரிடம் போய்ப் பேசுவது?

*

என்ன செய்யலாம்?

சமையல் என்பது இயற்கை ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வேலை அல்ல. ஊர் சேர்ந்து செய்தால் அது ஊர் வேலை ஆகிவிடும். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கியபோது அது நடந்தது. 2022 செப்டம்பர் 15இல் பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவுத் திட்டத்தை மு.க.ஸ்டாலின் தொடங்கியது இதே மதுரையில்தான். இரண்டையும் குழந்தைகளின் பசி என்ற கோணத்தில் பேசினோம், சரிதான். அந்தக் குழந்தைகளின் அம்மாக்களுக்குக் காலையில் மிச்சமாகும் அரை மணி நேரத்தைப் பற்றியும் சேர்த்துப் பேசியிருக்க வேண்டும். அந்த அரை மணி நேரமும் ஒரு சாப்பாடுதான்.

ஓட்டல் முதலாளிகளே, ‘சார் வர்றாங்களா’ என்ற கேள்வியை உங்கள் சர்வர்களிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மெனு கார்டை மேஜையிலுள்ள பெண்ணிடமும் கொடுங்கள். உள்ளாட்சிக்காரர்களே, சாப்பாட்டுத் தெருவுக்கு விளக்கும் கழிப்பறையும் கொடுங்கள்.

பெண்களே, வருடத்துக்கு ஒருமுறை அக்காவையோ தங்கையையோ கூட்டிக்கொண்டு எங்கேயாவது போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். மதுரைக்குப் போக வசதி இல்லையென்றால் பக்கத்து ஊர் பஸ் ஸ்டாண்டுக் கடை போதும். காரணம் கேட்டால் கோயில் என்று பொய் சொல்லாதீர்கள். நாம் சொல்லும் ஒவ்வொரு பொய்யும் அடுத்து வருகிறவளுக்குக் கதவை இன்னும் இறுக்கமாகச் சாத்துகிறது. போகும்போது டப்பாவில் சீட்டு ஒட்டாமல் போங்கள். யாரும் பட்டினி கிடந்து செத்துவிட மாட்டார்கள்.

ஆண்களே, ‘மீனாட்சி ஆட்சி’ என்று வீட்டில் கிண்டலடிப்பதை விட்டுவிட்டு, அந்த மீனாட்சி எப்போது சாப்பிடுகிறாள் என்று பாருங்கள். உங்களிடம் நான் புரட்சி எதுவும் கேட்கவில்லை. உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள். நாளைக் காலையில் கல்லை நீங்கள் போடுங்கள். ஒட்டிக்கொண்டு பிய்ந்து வருவதை உங்கள் தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து முழுசாக, முறுகலாக ஒன்று வரும் பாருங்கள். அதைக் கொண்டுபோய் அவள் முன்னால் வையுங்கள்.

அவள் அதை உங்கள் பக்கம் தள்ளுவாள். திருப்பித் தள்ளுங்கள்.